அரசியல் அறிவியல் பிஎச்டி: டைவர்சிட்டி ஃபெல்லோஷிப் வந்திருக்கு, கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்கணும்?

மழைக்குருவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல ஒரு பொதுப் பல்கலைக்கழகத்துல அரசியல் அறிவியல் பிஎச்டிக்கு இடம் கிடைச்சிருக்கு. என் பிரிவு ஒப்பீட்டு அரசியல். கூடவே கிராஜுவேட் ஸ்கூல் கொடுக்கிற டைவர்சிட்டி ஃபெல்லோஷிப்பும் (துறையில பல தரப்பினரையும் கொண்டுவரக் கொடுக்கிற உதவித்தொகை) வந்திருக்கு. கடிதத்துல இருக்கிறது இவ்வளவுதான்: அஞ்சு வருஷ உதவி. 1, 2, 5-ஆம் வருஷம் ஃபெல்லோஷிப், பாடம் நடத்த வேண்டாம். 3, 4-ஆம் வருஷம் டிஏ வேலை, அதாவது பேராசிரியரோட பாடத்துக்கு உதவி ஆசிரியர். வருஷத்துக்கு 34,000 டாலர், 12 மாசத்துக்குப் பிரிச்சுத் தருவாங்க. டியூஷன் தள்ளுபடி, மருத்துவக் காப்பீடு உண்டு. கடைசியில "நிதி இருப்பையும் திருப்திகரமான முன்னேற்றத்தையும் பொறுத்தது"ன்னு ஒரு வரி.

நான் இங்கேயே பிறந்தவ, குடியுரிமை இருக்கு. ஆகஸ்ட்ல 22 முடியுது. அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலை பார்க்கறாங்க. ஏப்ரல் 15-க்குள்ள பதில் சொல்லணும். எனக்குத் தெரிய வேண்டியது: அந்தக் கடைசி வரியைப் பார்த்துப் பயப்படணுமா? வரி எவ்வளவு போகும்? இதோட வேற ஃபெல்லோஷிப்பும் வாங்கலாமா? முதல் ரெண்டு வருஷம் பாடமே நடத்தாம இருந்தா பின்னாடி வேலை தேடும்போது இடிக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கரிசல்காடு எழுதியது:

வாழ்த்துகள்மா. முதல்ல தேதி. அமெரிக்க கிராஜுவேட் ஸ்கூல்களின் கூட்டமைப்பு வைத்திருக்கும் ஏப்ரல் 15 உடன்பாட்டில் உன் பல்கலைக்கழகம் கையெழுத்திட்டிருந்தால், இலையுதிர் பருவத்தில் தொடங்கும் நிதியுதவிக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும் கடமை உனக்கு இல்லை. கையெழுத்திட்ட பள்ளிகளின் பட்டியல் பொதுவில் இருக்கிறது, பார்த்துக்கொள். டிபார்ட்மெண்டிலிருந்து "இந்த வாரமே சொல்லிடு" என்று மெயில் வந்தாலும் பதறாதே. மரியாதையாகக் கேள்விகளை அனுப்பு.

அந்தக் கடைசி வரி ஏறக்குறைய எல்லா ஆஃபர் லெட்டரிலும் இருக்கும். பயப்பட வேண்டியது அதைப் பார்த்து அல்ல, கடிதத்தில் இல்லாததைப் பார்த்து. ஐந்து ஆண்டு உதவிக்கு யார் பொறுப்பு? ஃபெல்லோஷிப் பணம் கிராஜுவேட் ஸ்கூலிலிருந்து, டிஏ பணம் டிபார்ட்மெண்டிலிருந்து. இரண்டும் இரண்டு பை. ஃபெல்லோஷிப் நின்றுபோனால் அந்த ஆண்டுகளுக்கு டிபார்ட்மெண்ட் அதே 34,000-ஐ டிஏ அல்லது ஆர்ஏ (ஆய்வு உதவியாளர்) வேலையாகத் தருமா? இதற்கு "ஆமாம்" என்று டிஜிஎஸ்ஸிடமிருந்து, அதாவது கிராஜுவேட் படிப்புகளுக்குப் பொறுப்பான பேராசிரியரிடமிருந்து, எழுத்தில் வாங்கு. போனில் சொன்னது போதாது. டிஜிஎஸ் பதவி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கை மாறும், அடுத்து வருபவருக்கு உன் போன் பேச்சு தெரியாது.

"திருப்திகரமான முன்னேற்றம்" என்றால் என்ன என்பதை டிபார்ட்மெண்டின் கிராஜுவேட் கையேட்டில் தேடு. வழக்கமாகக் குறைந்தபட்ச ஜிபிஏ, இன்கம்ப்ளீட் கிரேடு (முடிக்காமல் விட்ட பாடம்) எத்தனை வரை பொறுப்பார்கள், காம்ப்ரிஹென்சிவ் தேர்வு (காம்ப்ஸ் என்ற தகுதித் தேர்வு) எந்தப் பருவத்துக்குள், புராஸ்பெக்டஸ் (ஆய்வுத் திட்ட வரைவு) எப்போது என்று இருக்கும். ஃபெல்லோஷிப்புக்கென்று தனி ஜிபிஏ வரம்பு உண்டா என்று தனியாகக் கேள். சில இடங்களில் டிபார்ட்மெண்ட் கேட்பதைவிட கிராஜுவேட் ஸ்கூல் கூடுதலாகக் கேட்கும். முதல் பருவத்தில் புள்ளியியல் பாடத்தில் சறுக்கினால் அங்கேதான் மாட்டும்.

இப்போது முக்கியமான ஒன்று. உன் பிரிவு ஒப்பீட்டு அரசியல் என்கிறாய். களப்பணி பெரும்பாலும் நான்காம் ஆண்டில் வரும்: இரண்டாம் ஆண்டு முடிவில் தேர்வு, மூன்றாம் ஆண்டில் புராஸ்பெக்டஸ், அதற்கப்புறம் களம். ஆனால் உன் கடிதப்படி நான்காம் ஆண்டில் நீ வளாகத்தில் டிஏ. வாரம் 20 மணி நேர வேலையை வைத்துக்கொண்டு வேறு நாட்டில் ஆறு மாதம் பேட்டி எடுக்க முடியாது. இரண்டாம் ஆண்டு ஃபெல்லோஷிப்பை நான்காம் ஆண்டுக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே கேள். இந்த ஆஃபரில் நீ பேரம் பேச வேண்டிய இடம் ஸ்டைபெண்டு (கைக்கு வரும் உதவித்தொகை) இல்லை, இதுதான்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வரி விஷயம் நான் சொல்கிறேன். கீழே உள்ள அளவுகள் 2025 வரியாண்டுக்கானவை, ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும்.

டியூஷன் தள்ளுபடிக்கு வரி இல்லை. கட்டாயக் கட்டணங்களுக்கும் பாடத்துக்குக் கட்டாயமான புத்தகங்களுக்கும் போகும் தொகைக்கும் இல்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்று கைக்கு வரும் ஸ்டைபெண்டுக்கு உண்டு. டிஏ சம்பளத்தில் பல்கலைக்கழகமே வரியைப் பிடித்து டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்று தரும். ஃபெல்லோஷிப்பில் குடிமக்களுக்குப் பெரும்பாலும் எதையும் பிடிப்பதில்லை, டபிள்யூ-2-வும் வராது. கல்விக் கட்டண விவரம் காட்டும் 1098-டி படிவம் வரலாம், அதிலும் ஸ்டைபெண்டைச் சேர்க்காத இடங்கள் உண்டு. காகிதம் வரவில்லை என்பதால் வருமானம் இல்லை என்று ஆகாது. வங்கியில் விழுந்த தொகையை நீங்களே கூட்டி, ஆண்டு வரிக் கணக்குப் படிவமான 1040-உடன் போகும் ஷெட்யூல் 1-இல் 8ஆர் வரிசையில் காட்ட வேண்டும்.

செப்டம்பரில் பணம் தொடங்கினால் முதல் காலண்டர் ஆண்டில் நான்கு மாதம், ஏறக்குறைய 11,333 டாலர். வேறு வருமானம் இல்லையென்றால் நிலையான கழிவுக்குள், அதாவது வரி போடாமல் விடும் தொகைக்குள், அடங்கிவிடும், கூட்டாட்சி வரி பூஜ்யம். இரண்டாவது காலண்டர் ஆண்டு முழுக்க ஃபெல்லோஷிப்: 34,000-இல் கழிவு 15,750 போக 18,250. அதில் முதல் 11,925-க்கு 10 சதவீதம், மீதி 6,325-க்கு 12 சதவீதம். மொத்தம் ஏறக்குறைய 1,951 டாலர்.

ஆனால் உங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம், பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. ஆண்டு முடிவில் 24 வயது ஆகாத முழுநேர மாணவர், சொந்த உழைப்பு வருமானம் தன் பராமரிப்புச் செலவில் பாதியைத் தாண்டவில்லை, பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார் என்றால், 2,700 டாலருக்கு மேற்பட்ட உழைப்பில்லா வருமானத்துக்குப் பெற்றோரின் வரி விகிதம் பாயும். டபிள்யூ-2-வில் வராத ஃபெல்லோஷிப்பை இந்த விதி உழைப்பில்லா வருமானம் என்றே எடுத்துக்கொள்கிறது. உங்கள் அப்பா அம்மா 24 சதவீத அடுக்கில் இருந்தால் அதே 18,250-க்கு வரி 4,380 டாலர், இரண்டு மடங்குக்கு மேல். பெற்றோர் உங்களைச் சார்ந்திருப்பவராகக் காட்டாவிட்டாலும் இது பொருந்தும். படிவம் 8615. வரி மென்பொருளில் ஃபெல்லோஷிப்பைச் சம்பளம் என்ற இடத்தில் போட்டுவிட்டால் இந்தப் படிவம் எழும்பாது, ரிட்டர்ன் தப்பாகப் போகும், பிறகு வட்டியோடு கடிதம் வரும். சரியான இடம் உதவித்தொகை என்ற பகுதி.

கரிசல்காடு சொன்ன ஆண்டு மாற்றம் இங்கேயும் உதவும். நான்காம் ஆண்டு ஃபெல்லோஷிப்பின்போது உங்களுக்கு 25 ஆகியிருக்கும், அந்த விதி தொடாது. இரண்டாம் ஆண்டில் டிஏ செய்தால் அந்த ஆண்டு சம்பளம் உழைப்பு வருமானமாகவே வரும்.

கட்டும் முறை: ஆண்டு முடிவில் 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் பாக்கி வரும் என்று தெரிந்தால் காலாண்டுத் தவணை கட்ட வேண்டும். ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. படிவம் 1040-இஎஸ், கூட்டாட்சி வரித் துறையான ஐஆர்எஸ் தளத்தில் டைரக்ட் பே வழியாக வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டலாம். ஒரு சலுகை உண்டு: முந்தைய ஆண்டு முழுக்கக் குடிமகளாக இருந்து, அந்த ஆண்டின் மொத்த வரி பூஜ்யம் என்றால், இந்த ஆண்டு தவணை கட்டாததற்கு அபராதம் இல்லை. வரி மட்டும் ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும். எனவே பணம் வரும் ஒவ்வொரு மாதமும் 365 டாலரைத் தனி சேமிப்புக் கணக்கில் ஒதுக்குங்கள். மாநில வரி தனி, அதன் தவணை விதியும் தனி. டெக்சாஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன் போன்ற இடங்களில் சம்பளத்துக்கும் ஸ்டைபெண்டுக்கும் மாநில வரி கிடையாது.

வாடகை வீடு பார்க்கும்போது சம்பளச் சீட்டு கேட்பார்கள். உங்களிடம் இருக்காது. மாதத் தொகையும் தொடக்க முடிவுத் தேதிகளும் போட்ட கடிதம் ஒன்றை கிராஜுவேட் ஸ்கூலிடம் ஜூலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

---

பொருநை எழுதியது:

வெளி ஃபெல்லோஷிப் பற்றி. அரசியல் அறிவியலில் இந்த வகையில் பழையது அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின், ஏபிஎஸ்ஏ-வின், திட்டம். 1969-இல் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கியது, பிறகு மைனாரிட்டி ஃபெல்லோஸ் என்று விரிந்தது, இப்போது டைவர்சிட்டி ஃபெல்லோஷிப் புரோகிராம். இலையுதிர் சுற்று பிஎச்டிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு, வசந்தச் சுற்று ஏற்கெனவே பிஎச்டியின் முதல் ஆண்டுகளில் இருப்பவர்களுக்கு. அதனால உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கு. பல ஆண்டுகளாக இருந்த தொகை 4,000 டாலர், 2,000 வீதம் இரண்டு தவணை. தொகை சிறியதுதான், ஆனா சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் உங்க பேரை நாலு பேர் தெரிஞ்சுக்க அது வழி. ஆசிய அமெரிக்கர்களும் அந்தத் திட்டத்தின் வகைகளில் இருந்தவங்க, தமிழ்க் குடும்பம் அதுக்குள்ள வரும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் தகுதி விதியை வரிக்கு வரி படிங்க.

காரணம் இது. 2023 ஜூன் 29-இல் ஹார்வர்டு, வட கரோலினா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு நேராகச் சொன்னது சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாதுன்னுதான். ஆனா அதன் அடிப்படையில், இனப் பாகுபாட்டைத் தடுக்கிற 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பும் இருக்கு. அது கூட்டாட்சிப் பணம் வாங்கும் எல்லாத் திட்டத்துக்கும் பொருந்தும். அதனால பல பல்கலைக்கழகங்கள் ஃபெல்லோஷிப் விதிகளையும் மாத்தின. இனம்ங்கிற கட்டத்தை எடுத்துட்டு, குடும்பத்தில் முதல் பட்டதாரி, குறைந்த வருமானம், துறைக்குள் பல தரப்பையும் கொண்டுவரும் ஆய்வு அல்லது சேவைன்னு எழுதின. சில இடத்தில் பெயரே மாறிடுச்சு. கொடுத்த கையெழுத்துக் கடிதம் பெயர் மாற்றத்தால் செல்லாமல் போகாது. ஆனா மூணு வருஷம் கழிச்சு வரவேண்டிய பணம்னா நிலைமை வேற. அதனால கரிசல்காடு சொல்றதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கு. இரண்டாம் ஆண்டு பணம் இப்போதைய பட்ஜெட். நான்காம் ஆண்டு பணம் யாரும் இன்னும் போடாத பட்ஜெட். மாத்துறதா இருந்தா, "கிராஜுவேட் ஸ்கூல் நிதி இல்லாவிட்டாலும் நான்காம் ஆண்டில் வளாகத்தில் இருக்க வேண்டிய கடமை இல்லாத உதவியை டிபார்ட்மெண்ட் தரும்"ங்கிற வரி வேணும். அது கிடைக்கலைன்னா இரண்டாம் ஆண்டுப் பணத்தைக் கையை விட்டு விடாதீங்க.

அடுத்தது தேசிய அறிவியல் அறக்கட்டளையின், என்எஸ்எஃப்-இன், பட்டமேற்படிப்பு ஆய்வு ஃபெல்லோஷிப், ஜிஆர்எஃப்பி. அரசியல் அறிவியலும் சமூக அறிவியல்களுக்குள் தகுதி. ஐந்து ஆண்டு காலத்துக்குள் மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 37,000 டாலர். பிஎச்டியில் இருக்கும்போது ஒரே ஒரு முறைதான் போட முடியும், முதல் ஆண்டின் இலையுதிரிலேயே போடுங்க. அதுல கொள்கைப் பரிந்துரை வாடை அடிக்காம, கருதுகோள், தரவு, சோதிக்கும் முறைன்னு அறிவியலாக எழுதணும். அரசியல் அறிவியல் விண்ணப்பங்கள் அங்கேதான் விழும்.

இப்படி வெளிப்பணம் வந்தா உள்பணம் என்ன ஆகும்? மூணு வழக்கம் உண்டு. உள்ளே கொடுத்ததை அப்படியே கழிச்சிடுவாங்க. அல்லது கழிச்சுட்டு வருஷத்துக்குச் சில ஆயிரம் டாலர் மேலே போட்டுத் தருவாங்க. அல்லது உள் ஆண்டைச் சேமிச்சு வைக்க விடுவாங்க: வெளிப்பணத்தில் ஓடும் ஆண்டு உங்க ஐந்து ஆண்டுக் கணக்கில் ஏறாது, ஆறாம் ஆண்டுக்குத் தள்ளிப்போகும். மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது. களப்பணி இருக்கிற ஒப்பீட்டு அரசியல்ல ஐந்தில் முடிக்கிறவங்க குறைவு, ஆறு சாதாரணம்.

பழைய வழிகாட்டிகளில் ஃபோர்டு அறக்கட்டளையின் பிரிடாக்டரல் ஃபெல்லோஷிப் இன்னும் பெரிசா இருக்கும். அந்தத் திட்டத்தை முடிக்கப்போறதா 2022-லேயே அறிவிச்சாங்க, அதுக்கு நேரம் செலவழிக்காதீங்க. இதைப் படிக்கிற இளங்கலை மாணவர்கள் யாராவது இருந்தா, ஏபிஎஸ்ஏ 1986 முதல் நடத்தும் ரால்ஃப் பன்ச் கோடைப் பயிலகத்தைப் பாருங்க. அமெரிக்காவில் அரசியல் அறிவியலில் பிஎச்டி வாங்கிய முதல் கறுப்பினத்தவர் பன்ச், 1934-இல் ஹார்வர்டில். பிஎச்டிக்குப் போகலாமான்னு தயங்குற மாணவர்களுக்கு அது நல்ல வாசல்.

---

தென்றல்வீதி எழுதியது:

பாடம் நடத்தாத இரண்டு வருஷம் இடிக்காது, ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. டிஏ-க்களுக்கு டிபார்ட்மெண்டில் மேசை, வாரக் கூட்டம், ஒரு பேராசிரியரோடு தினசரிப் பேச்சு எல்லாம் தானாக அமையும். ஃபெல்லோவுக்கு எதுவும் தானாக அமையாது. வகுப்பு முடிந்ததும் நூலகம், வீடு என்று போய்விட்டால் இரண்டாம் ஆண்டு முடிவில் சிபாரிசுக் கடிதம் எழுதும் அளவுக்கு உங்களைத் தெரிந்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். அதனால் டிஏ அறையில் ஒரு மேசை கேளுங்கள். பிரிவின் வார ஆய்வரங்கத்துக்குத் தவறாமல் போங்கள். முதல் வசந்தப் பருவத்துக்குள் ஒரு பேராசிரியரின் தரவு வேலையில் சேருங்கள்: தேர்தல் முடிவுகளைச் சுத்தம் செய்வது, நாளிதழ் செய்திகளைக் குறியீடு செய்வது எதுவானாலும் சரி. ஆனால் ஃபெல்லோஷிப் ஆண்டில் கூலி வாங்கி வேலை செய்யக் கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி வரை அனுமதி என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

நேரத்தைப் போட வேண்டிய இடம் முறையியல். ஆகஸ்டில் நடக்கும் கணித முகாமை விருப்பப்பாடம் என்று விட்டுவிட வேண்டாம். நிகழ்தகவு, நேரியல் தொடர்புப் போக்கு (லீனியர் ரிக்ரெஷன்), காரணகாரிய அனுமானம் என்ற வரிசையை முதல் மூன்று பருவங்களில் முடியுங்கள், எல்லாவற்றையும் ஆர் என்ற நிரல்மொழியில். உங்கள் பணம் 12 மாதத்துக்கு வருவதால் கோடை கையில் இருக்கிறது. ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஐசிபிஎஸ்ஆர் கோடை நிகழ்ச்சி புள்ளியியலுக்கு, சிராக்யூஸில் நடக்கும் ஐக்யூஎம்ஆர் களப்பணிக்கும் பண்புசார் முறைகளுக்கும். ஐசிபிஎஸ்ஆரில் கட்டண உதவி உண்டு, அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். டிபார்ட்மெண்ட் யாரையாவது நியமித்து அனுப்பும் வழக்கம் உண்டா என்று டிசம்பரிலேயே விசாரியுங்கள்.

மூன்றாம் ஆண்டில் டிஏ ஆகும்போது பெரிய அறிமுகப் பாடத்தில் கலந்துரையாடல் பிரிவுகளை நடத்தச் சொல்வார்கள். உங்கள் பிரிவின் அறிமுகப் பாடத்தையே கேட்டு வாங்குங்கள். வேலைச் சந்தையில் நீங்கள் காட்டப்போகும் பாடத்திட்டம் அதிலிருந்துதான் வரும். சிறிய கல்லூரிகள் டிஏ அனுபவத்தோடு நிற்காமல், தனியாக ஒரு பாடம் நடத்தியிருக்கிறீர்களா என்று பார்க்கும். ஐந்தாம் ஆண்டுக்கு முன் ஒரு கோடைப் பாடமாவது எடுத்துவிடுங்கள். ஐந்தாம் ஆண்டு ஃபெல்லோஷிப்பின் இடம் சரியாகத்தான் இருக்கிறது: ஏபிஎஸ்ஏ-வின் வேலை அறிவிப்புகள் கோடையில் வரத் தொடங்கும், விண்ணப்பங்கள் இலையுதிர் முழுக்க ஓடும், அப்போது விடைத்தாள் கட்டு மேசையில் இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஃபெல்லோஷிப் பெயரோடு வருபவர்களைப் பன்முகத்தன்மைக் குழு, மாணவர் சேர்ப்பு நாள், புகைப்படம், வரவேற்பு விருந்து என்று எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். நல்ல மனதோடுதான் கூப்பிடுவார்கள். அதே நேரத்தில் உங்கள் வகுப்புத் தோழர் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார். ஆண்டுக்கு ஒரு பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் சேர்ப்பு வேலையை எடுத்தால் பிரயோசனம் அதிகம், உங்களுக்கு அடுத்து வருகிறவர்களுக்கு நேராகப் போய்ச் சேரும். மற்றதற்கு "காம்ப்ஸ் முடியட்டும்" என்ற பதில் போதும், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

---

மழைக்குருவி எழுதியது:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். 8615 பத்தி யாருமே எனக்குச் சொல்லல. கரிசல்காடு அண்ணா, டிஜிஎஸ்கிட்ட ஆண்டு மாற்றத்தை எப்படிக் கேட்கிறது? பேராசைன்னு நினைச்சிடுவாங்களோ?

---

கரிசல்காடு எழுதியது:

நினைக்க மாட்டார்கள், இது அவர்கள் அடிக்கடி பார்க்கும் கேள்வி. பொருநை சொன்ன தயக்கம் நியாயம், அதையும் உள்ளே வைத்தே எழுது. நாலு வரி போதும்: ஆஃபருக்கு நன்றி, சேர விரும்புகிறேன். என் ஆய்வுக்கு இந்த நாட்டில் நான்காம் ஆண்டில் இத்தனை மாதக் களப்பணி தேவைப்படும். இரண்டாம் ஆண்டு ஃபெல்லோஷிப்பை நான்காம் ஆண்டுக்கு மாற்றி, இரண்டாம் ஆண்டில் டிஏ செய்ய இயலுமா? இயலுமானால் நான்காம் ஆண்டு உதவியை டிபார்ட்மெண்ட் உறுதி செய்யும் என்று திருத்திய கடிதத்தில் குறிப்பிட முடியுமா? அவ்வளவுதான். வேறு பள்ளியின் ஆஃபரை இதில் இழுக்காதே. மெயிலை ஏப்ரல் முதல் வாரத்துக்குள் அனுப்பு, கிராஜுவேட் ஸ்கூலின் ஒப்புதல் வாங்க அவர்களுக்கு நாள் வேண்டும். இரண்டாம் ஆண்டில் காம்ப்ஸும் டிஏ-வும் சேர்ந்து வரும், அது கடினம்தான். முடியாது என்றால் மாற்றாக ஒன்று கேள்: நான்காம் ஆண்டின் டிஏ கடமையை ஒரே பருவத்தில் முடித்துவிட்டு மற்றப் பருவத்தில் களத்துக்குப் போகலாமா என்று.

---

வைகைமணல் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. நான் மதுரையிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போகப்போகிறேன், அதே துறை. இந்த ஃபெல்லோஷிப்கள் எனக்குக் கிடைக்குமா? கிடைத்தால் வரி இதே கணக்கா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஏபிஎஸ்ஏ திட்டமும் ஜிஆர்எஃப்பி-யும் எஃப்-1 மாணவர்களுக்கு இல்லை. பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியில் தருவது சில இடங்களில் எல்லோருக்கும் திறந்திருக்கும். டிஜிஎஸ் நியமித்தால்தான் நடக்கும், நீங்களாக விண்ணப்பிக்கும் படிவம் பெரும்பாலும் இருக்காது.

வரிக் கணக்கு வேறு. முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் நீங்கள் வரிச் சட்டப்படி அமெரிக்காவில் குடியிருப்பவர் அல்லாத அந்நியர். வரிக்குரிய ஃபெல்லோஷிப் தொகையில் 14 சதவீதத்தைப் பல்கலைக்கழகமே பிடித்து, அதற்கான 1042-எஸ் படிவத்தைத் தரும். நீங்கள் 1040-என்ஆர் வரிக் கணக்கும், கூடவே 8843 படிவமும் அனுப்ப வேண்டும். இந்தியாவோடு உள்ள வரி உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவால் இந்திய மாணவர்கள் நிலையான கழிவை எடுத்துக்கொள்ளலாம், மற்ற நாட்டு மாணவர்களுக்கு அது இல்லை. அதனால் பிடித்ததில் ஒரு பகுதி திரும்ப வரும். இலங்கைக் கடவுச்சீட்டில் வருபவர்கள் இந்தக் கழிவை எடுத்துவிடக் கூடாது.

சிக்கல் வருவது எண்ணில். வேலை இல்லாமல் ஃபெல்லோஷிப் மட்டும் இருந்தால் சோஷியல் செக்யூரிட்டி எண் தர மாட்டார்கள். டபிள்யூ-7 படிவம் வழியாக ஐடிஐஎன் என்ற வரி எண்ணை எடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கடவுச்சீட்டைச் சான்றளிக்கும் முகவர் இருக்கிறாரா என்று போனதும் கேளுங்கள். இல்லையென்றால் கடவுச்சீட்டையோ, அதை வழங்கிய அலுவலகம் சான்றளித்த நகலையோ ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். களப்பணிக்கோ ஊருக்கோ கிளம்பும் நேரத்தில் கடவுச்சீட்டு அங்கே மாட்டிக்கொள்ளக் கூடாது. பின்னால் டிஏ வேலை வந்து சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைத்ததும் ஐடிஐஎன்-ஐப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, இரண்டு எண்ணையும் குறிப்பிட்டு ஐஆர்எஸ்ஸுக்குக் கடிதம் எழுதுங்கள். பழைய பிடித்தங்களை உங்கள் பெயரில் ஒன்று சேர்த்துவிடுவார்கள்.